கல்லாப்பெட்டியும் கண்பார்வையும்

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் தவறாமல் முத்திரை வைக்கிறோம். கடைக்கும் குடோனுக்கும் இன்சூரன்ஸ் கட்டுகிறோம். வண்டிக்கு எஃப்.சி. காட்டுகிறோம். ஆனால் அந்தத் தராசில் ஓடும் எண்ணைப் படிக்கிற கண்ணைச் சோதித்து எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டால், நம் வணிகப் பெருமக்களில் பலருக்குப் பதில் வராது. "எனக்கென்ன, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். சொல்லிக்கொண்டே பில்லை ஒரு முழத் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார்கள்.

இப்படிக் கை நீள ஆரம்பித்தால் அதற்குப் பெயர் வெள்ளெழுத்து. இது நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் இளம் வயதில் வளைந்து கொடுக்கும். அதனால் தூரத்தில் வரும் லாரியின் எண்ணையும் படிக்கலாம், கையிலுள்ள சிட்டையையும் படிக்கலாம். நாற்பதை ஒட்டி அந்த லென்ஸ் கெட்டிப்பட்டு வளைய மறுக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், முதலாளி, தொழிலாளி என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் இது வரும். நாற்பது வயதில் நாய்க்குணம் என்பார்கள். அந்தச் சிடுசிடுப்பில் பாதி, எழுத்து தெரியாததால் வருவது என்பது நம் அபிப்பிராயம்.

மற்ற தொழிலில் இருப்பவருக்கு வெள்ளெழுத்து ஒரு தொந்தரவு மட்டுமே. நமக்கு அது நஷ்டம். பாக்கெட்டில் காலாவதி தேதி கடுகு அளவு எழுத்தில், அதுவும் பிளாஸ்டிக்கின் மடிப்பில் அச்சாகி வருகிறது. 3 என்பது 8 போலத் தெரியும். அதைப் படிக்காமல் அலமாரியில் அடுக்கிவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து படித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. துவரம்பருப்பு மாதிரியை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும்போது சொத்தையும் வண்டும் கண்ணில் பட வேண்டும். ரூபாய் நோட்டில் பாதுகாப்பு இழை தெரிய வேண்டும். செல்போனில் வாடிக்கையாளர் அனுப்பிய தொகை 150-ஆ 1500-ஆ என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கடைப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் முதலாளிகள் நம் வீதியிலேயே உண்டு. கணக்கைப் பிறர் கண்ணால் பார்க்கிற வியாபாரம் எத்தனை நாள் ஓடும்?

நாம் சும்மா சொல்லவில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை முதலிலேயே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களின் முன்னேற்றத்தைக் கழித்த பிறகும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ இலை கூடுதலாகப் பறித்தார்கள். சதவீதத்தில் சொன்னால் ஏறத்தாழ 22. வங்காள தேசத்துக் கிராமங்களில் 35 முதல் 65 வயது வரையுள்ள 824 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2024-ல் வெளிவந்தது. எட்டு மாதத்தில் கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மற்றவர்களுடையதைக் காட்டிலும் 33 சதவீதம் கூடியிருந்தது. எந்தச் சரக்கில் இப்போது 33 சதவீதம் கிடைக்கிறது என்று நம் அன்பர்கள் சொன்னால் நாமும் அந்தச் சரக்கை எடுத்துப் போடுவோம்.

பிளாட்பாரத்திலும் பேருந்து நிலையத்திலும் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நாம் அதை அடியோடு குறை சொல்ல மாட்டோம். தூரப் பார்வை இரு கண்ணிலும் சரியாக இருந்து, வெறும் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்கு அது வேலை செய்யும். அதனால் கண் கெட்டுப்போகாது. ஆனால் ரெடிமேடில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். நம் கண்கள் இரண்டும் ஒரே பவரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ரெடிமேட் வாங்கியவர் பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடுவார். அதன் ஆபத்தைப் பின்னால் சொல்கிறோம்.

சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

சரக்கு வாங்கினால் இன்வாய்சைப் படித்துச் சரிபார்க்கும் நாம், கண்ணாடிச் சீட்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறோம். அதில் இருப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஓ.டி. என்று போட்டிருந்தால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண். ஸ்பியர் என்ற கட்டத்தில் மைனஸ் குறி இருந்தால் கிட்டப்பார்வை. அதாவது கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். விழிக்கோளம் சற்று நீண்டிருப்பதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பிளஸ் குறி இருந்தால் தூரப்பார்வை. விழிக்கோளம் குட்டையாக இருப்பதால் பிம்பம் விழித்திரையைத் தாண்டிக் கூடுகிறது. சிலிண்டர், ஆக்சிஸ் என்ற இரண்டு கட்டங்களும் சிதறல் பார்வைக்கு உரியவை. கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாமல், பந்து போல இருக்க வேண்டியது முட்டை போல இருந்தால் எழுத்து நிழலடிக்கும். ஆக்சிஸ் என்பது அந்தக் கண்ணாடியைப் பொருத்த வேண்டிய கோணம். கோணம் தவறினால் தலைவலிதான் மிஞ்சும். ஆட் என்று கடைசியில் இருப்பது வெள்ளெழுத்துக்கான கூடுதல் பவர். நாற்பது வயதில் 1 அளவில் தொடங்கி, அறுபதை ஒட்டி 2.50 வரை ஏறும். பிறகு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும், போடாவிட்டால் ஏறாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. வெள்ளெழுத்து வயதால் ஏறுகிறது. கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும்.

பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்

பெரியவர்களாவது எழுத்து தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வோம். பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். பிறந்ததிலிருந்து மங்கலாகப் பார்க்கும் குழந்தை, உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். டி.வி.க்கு மிக அருகில் போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் படிப்பது, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவது, அடிக்கடி கண்ணைக் கசக்குவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். படிப்பு வரவில்லை, கடையில் உட்காரட்டும் என்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பையன்கள் சிலரை நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவனுக்குப் பதினேழு வயதில்தான் மைனஸ் 4 பவர் இருப்பது தெரிந்தது. பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த உயரமான பையன் அவன். இன்று நல்ல வியாபாரிதான். ஆனாலும் அவன் தகப்பனார் அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னும் மோசமானது ஒற்றைக் கண் குறை. ஒரு கண்ணில் பவர் அதிகமாகவும் மறு கண் சரியாகவும் இருந்தால், குழந்தையின் மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுபடி செய்துவிடும். இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர். மாறுகண் உள்ள பிள்ளைகளுக்கும் இது வரும். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிற வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பிய கண்ணை வேலை வாங்கிச் சரிசெய்யலாம். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். தள்ளிப் போடப் போட, எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் முழுப் பார்வை வராது. கண் கெட்டதால் அல்ல, மூளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகாததால். ஆகையால் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வீட்டிலேயே விளையாட்டுப் போல ஒரு கண்ணைக் கையால் பொத்தி, காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லலாம். பிறகு மறு கண். ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் பிள்ளை அடம் பிடித்துக் கையைத் தட்டிவிட்டால் சந்தேகப்படுங்கள்.

கிட்டப்பார்வை உலகெங்கும் பெருகி வருகிறது. வெயிலில் விளையாடாமல் புத்தகமும் செல்போனுமாக அடைந்து கிடப்பது ஒரு முக்கியக் காரணம். சீனாவின் குவாங்சூ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட வைத்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் விளையாடிய பள்ளிகளில் 30 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39 சதவீதத்துக்கும் மேல். 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. மைதானத்துக்கு அனுப்பக் காசு செலவில்லை. இப்போது பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் தனி வகை லென்ஸும் வந்திருக்கின்றன. யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கல்யாணச் சந்தையில் விலை போகாது என்று நினைத்து, பவர் இருந்தும் போடவிடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் வணிக சமுதாயத்திலேயே இருக்கின்றன. இதை மென்மையாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் பஸ் எண் தெரியாமல் நிற்கிறாள், படிப்பில் பின்தங்குகிறாள், சாலையைக் கடக்கத் தடுமாறுகிறாள். இது கொடுமை. தமிழக அரசு 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்கியது. கொடுத்த கண்ணாடி புத்தகப் பைக்குள்ளேயே கிடந்தால் யாருக்கு என்ன லாபம்?

வைட்டமின் ஏ பற்றி ஒரு வார்த்தை. மாலைக்கண் நம் பாட்டி காலத்துக் கதை என்று நினைக்கிறோம். முருங்கைக் கீரையும் பப்பாளியும் சாப்பிடும் வீட்டில் அது எட்டிப் பார்க்காது. நாம் விற்கும் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகள் சிலவற்றில் பிளஸ் எஃப் என்ற முத்திரை இருக்கும். வைட்டமின் ஏ, டி சேர்த்த எண்ணெய் என்று அதற்குப் பொருள். வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

புரையும் ஒரு வியாபாரப் பாடமும்

கண்புரை வயதானால் வருவது. லென்ஸ் பழுப்பேறிப் பனிமூட்டம் போல ஆகிவிடும். சொட்டு மருந்தில் கரையாது. அந்தக் காலத்தில் "முற்றட்டும்" என்று காத்திருப்பார்கள். இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். பழைய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். முதன்முதலில் 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் பொருத்தினார். போரில் விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் சிதறிய பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது.

மதுரையில் இருந்துகொண்டு டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நமக்கு அதில் பிடித்தது கணக்கு. பணம் உள்ளவரிடம் கட்டணம் வாங்கி, அந்த வருமானத்தில் இல்லாதவருக்கு இலவசமாகச் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் செலவைக் குறைத்து, எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள். குறைந்த லாபம், அதிக ஓட்டம் என்ற நம் மொத்த வியாபாரச் சூத்திரமேதான். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை வைத்து, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குத் தாங்களே செய்தார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் இதைப் பாடமாக எழுதியது. கீழமாசி வீதியில் நாம் தினம் செய்கிற கணக்கைத்தான் அங்கே பாடமாகப் படிக்கிறார்கள்.

சத்தமில்லாத திருடன்

புரையில் போன பார்வை திரும்பி வரும். கண் அழுத்த நோயில் போனது வராது. குளுக்கோமா என்று சொல்லப்படும் இந்த நோயில் கண்ணுக்குள் நீரழுத்தம் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. நடுப் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். நமக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவர் நான்கைந்து ஆண்டாக ரெடிமேட் கண்ணாடி போட்டுப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். குடோனில் பக்கத்து மூட்டையில் இடித்துக்கொள்வார். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. "கவனம் போதவில்லை" என்று வீட்டில் சொன்னார்கள். புரை இருக்கும் என்று நினைத்துப் போனவரிடம், ஒரு கண்ணில் ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது என்றார் மருத்துவர். மறு கண்ணைத் தினமும் இரவு ஒரு சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றி வருகிறார். அவருடைய தம்பிக்குச் சோதித்தபோது அவருக்கும் ஆரம்ப நிலையில் இருந்தது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது. ரெடிமேட் கண்ணாடி பற்றி முன்னால் நாம் குறிப்பிட்ட ஆபத்து இதுதான். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடிக்காகப் போகும்போது கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திடீரென்று கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்றால் அது வேறு வகை. அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் வரை தாங்காது.

சர்க்கரை உள்ளவர்கள் கதை இன்னும் நெருக்கமானது. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடும் நம் தொழிலில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது ரத்தம் கசிந்திருக்கும். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது. வார விடுமுறை நாளில், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவது சௌகரியம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நம் சக வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண் அரிக்கிறது, சிவந்திருக்கிறது என்று வருபவருக்குப் பழைய சீட்டை வைத்து ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். அது உடனே சுகம் தரும். மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும், அதுவும் சிறு பிள்ளைகளுக்கு. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். பார்த்தால் ஒட்டாது, கை பட்டால் ஒட்டும். கண்ணைத் துடைத்த கையால் நோட்டை எண்ணிக் கொடுத்தால் வீதி முழுவதும் பரவும். அந்த நாட்களில் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பதே நல்லது.

சரக்கிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் பலர் நீர்க்கோவை நோய் கண்டு இறந்தார்கள். அந்த நச்சு கண் அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. கலப்பட எண்ணெய் எங்கிருந்து மலிவாக வந்தாலும் வாங்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

கண்ணாடி விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் குறைக்கான கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் வாங்கிப் பாருங்கள். பிரேமுக்காகச் செலவிடுவதைவிட லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று கவனிப்பதே முக்கியம்.

கடைசியாக, நம் கடைக்குள்ளேயே இருக்கும் அபாயம். வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைச் சிறு பிள்ளைகள் விளையாட்டாகக் கையில் வைத்து அமுக்குவார்கள். அது வெடித்துக் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்துபோகும். நாடு முழுவதும் கண் மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரித்து வருகிறார்கள். அந்தப் பாக்கெட்டுகளை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் இவற்றுக்கும் இதே விதி. வத்தல் மண்டியில் மூட்டை பிரிக்கும் தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகிவிடாது. தப்பித் தவறிச் சுண்ணாம்போ ஆசிட்டோ கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. எண்ணெய், பால், வெண்ணெய் எதையும் விடக் கூடாது. அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை, இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். கட்டியாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு தண்ணீரோடு வெளியே வர வேண்டும். ஆட்டோவைத் தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேட வேண்டும். கழுவி முடித்த கையோடு கண் மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.